பூங்காத் தோட்டக்கலைப் பயிற்சியில் சேரலாமா, அக்கா?

வாசகி கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 27 வயது. பட்டம் முடித்து ஐந்து வருடமாக ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பால்கனியில் நாற்பது தொட்டி வைத்திருக்கிறேன். காலையில் அவற்றுக்குத் தண்ணீர் விடும் அரைமணி நேரம்தான் அன்றைய நாளில் எனக்குப் பிடித்த நேரம். பூங்காக்களையும் பொதுத் தோட்டங்களையும் பராமரிக்கும் வேலைக்கான தொழிற்பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டேன். ஆறு மாதச் சான்றிதழ், ஒரு வருடப் பயிற்சி, வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி, பட்டயம், மறுபடி ஒரு பட்டம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் சேர்வது? இந்த வயதில் உடம்பு தாங்குமா? பெண்ணுக்கு இந்த வேலையில் இடம் உண்டா? வீட்டில் "படித்துவிட்டு மண்வெட்டி பிடிக்கவா போகிறாய்?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னை உட்கார வைத்துப் பதில் எழுத வைத்தது. 26 வருடமாகப் பூங்கா வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல், பயிற்சிக்கு வருபவர்களைக் கூடவே வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். அதனால் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

தொட்டிச் செடியில் கை பழகி வருபவர்கள் பெரும்பாலும் நடுகிற வேலையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பூங்காவில் நடுவது வருடத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாளெல்லாம் ஏற்கெனவே நட்டதைப் பார்த்துக்கொள்வது. புல் வெட்ட வேண்டும், களை எடுக்க வேண்டும், வேலிச்செடியைச் சீராக்க வேண்டும், அடைத்துக்கொண்ட தெளிப்பானைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும், காய்ந்த கிளை யார் தலையிலாவது விழுவதற்குள் இறக்க வேண்டும், குப்பை பொறுக்க வேண்டும். நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகும் பெரிய மரத்தை நட்டவர் நீங்கள் வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போயிருப்பார். நீங்கள் நடும் கன்று நிழல் தரும்போது அங்கே வேலை பார்ப்பவர் வேறொருவராக இருப்பார். இன்றைக்குச் செய்த வேலை நல்ல வேலையா, கெட்ட வேலையா என்பது ஐந்து, பத்து வருடம் போன பிறகுதான் தெரியும். எந்தப் பயிற்சி என்ற உங்கள் கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதில் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரிய நிழல் மரத்தின் தாழ்ந்த கிளை நடைபாதையை மறித்தது. வெட்டச் சொன்னார்கள். தண்டோடு ஒட்ட, இழைத்த பலகை மாதிரி வழவழவென்று வெட்டினேன். வெட்டிய இடத்தில் தார் பூசினேன். பார்த்தவர்கள் சுத்தமான வேலை என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஏழு வருடம் கழித்து அதே பூங்காவுக்கு வேலைக்கு வந்தபோது அந்த இடத்தில் என் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. உள்ளே விரலை விட்டால் மரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னும் இரண்டு வருடத்தில் மரத்தையே இறக்க வேண்டி வந்தது. அந்த வேலையை நானே கேட்டு வாங்கிச் செய்தேன். எனக்கு வேறு எப்படி அந்த மரத்துக்குப் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

என்ன தவறு செய்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு கிளை தண்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் புடைத்த ஒரு வளையம் இருக்கும். வேலையில் இருப்பவர்கள் அதைக் காலர் என்று சொல்வோம். நாளைக்கே ஏதாவது ஒரு மரத்தடியில் நின்று பாருங்கள், சட்டைக் கழுத்துப் பட்டை மாதிரியே தெரியும். வெட்டுக்காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. அழுகல் தண்டுக்குள் இறங்காமல் தடுக்கும் அரணும் அங்கேதான் இருக்கிறது. நான் அந்தக் காலரையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டேன். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்ற மர நோயியல் அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து இதை நிறுவினார். நம் தோல் காயம் ஆறி, பழைய தோலாகவே மாறிவிடும். மரத்தின் காயம் அப்படி ஆறாது. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி, வெளியே புது மரத்தால் மூடிவிட்டு, காயத்தைச் சுமந்துகொண்டே மேலே வளரும். தார் பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின.

சரியான முறையில் பெரிய கிளையை மூன்று வெட்டாக இறக்க வேண்டும். முதல் வெட்டு, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கிக் கால்வாசி தடிமனுக்கு. இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. கிளை முறியும்போது பட்டை தண்டு வரை உரிந்து வராமல் அடிவெட்டு நிறுத்திவிடும். எடை இறங்கிய பிறகு மீந்த கட்டையைக் காலருக்கு வெளியே, அதைத் தொடாமல், மூன்றாவதாக வெட்ட வேண்டும். படிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் காலர் ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சிலவற்றில் தெளிவாகப் புடைத்திருக்கும், சிலவற்றில் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணும் கையும் அதற்குப் பழக, பக்கத்தில் தெரிந்த ஒருவர் நின்று "இன்னும் ஒரு விரல் வெளியே" என்று சொல்ல வேண்டும். அதுவும் ஒரு நாளில்லை, மாதக்கணக்கில்.

அதனால்தான் உங்களைப் போல வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழை நான் சொல்வதில்லை. ஏற்கெனவே பூங்காவில் வேலை பார்த்து, கையில் ஒரு தாள் மட்டும் இல்லாதவர்களுக்கு அது சரி. உங்களுக்கு ஆறு மாதத்தில் பாதி வருடம்தான் தெரியும். நீங்கள் கவாத்து செய்த, அதாவது கிளை வெட்டிச் சீராக்கிய செடி அடுத்த பருவத்தில் எங்கே துளிர்த்தது, எங்கே துளிர்க்காமல் போனது என்று பார்ப்பதற்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். குறைந்தது ஒரு முழு வருடம், அதுவும் ஒரே இடத்தில், எல்லாப் பருவமும் உங்கள் கண் முன்னால் கடந்து போகிற மாதிரியான பயிற்சியாக இருக்க வேண்டும்.

என் முதல் தேர்வு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பயிற்சிதான். ஒரு பூங்கா நிர்வாகத்திலோ பராமரிப்பு நிறுவனத்திலோ பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட நாட்களில் வகுப்புக்குப் போவது. ஆஸ்திரேலியாவில் பூங்காக்கள், தோட்டங்கள் என்ற பெயரிலேயே மூன்றாம் நிலைச் சான்றிதழ் ஒன்று உண்டு. அதை இந்த முறையில் முடிக்கலாம். லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் பட்டயம் மூன்று வருடம். அதிலும் மாணவர்கள் பாடத்தோடு தோட்டத்தில் இறங்கி வேலை பார்க்கிறார்கள். பெயரும் காலமும் நாட்டுக்கு நாடு மாறும், அடிப்படை மாறாது. வகுப்பில் கேட்டதை அதே வாரத்தில் மண்ணில் செய்து பார்க்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும்.

இன்னொரு பட்டம் இப்போது வேண்டாம். கையில் ஒன்று இருக்கிறது. பின்னால் செடி நோயியல், நிலத்தோட்ட வடிவமைப்பு, ஆராய்ச்சி என்று ஏதாவது ஒன்று உங்களை இழுத்தால் அப்போது போகலாம். களத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போகிறவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

இந்த இடத்தில் ஜோசப் பாக்ஸ்டனைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 1823-ல் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தின் சிசிக் தோட்டத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தவர். 1826-ல் சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஆனார். அப்போது அவருக்கு உங்களைவிட வயது குறைவு. மக்கள் பணத்தில் அமைந்த முதல் பூங்காக்களில் ஒன்றான பர்கன்ஹெட் பூங்காவை வடிவமைத்தவர் அவர்தான். அது 1847-ல் திறந்தது. அதைப் போய்ப் பார்த்து வியந்த ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட் பிறகு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரானார். 1851-ல் லண்டனில் எழுந்த கண்ணாடி மாளிகையும் பாக்ஸ்டனின் கைவண்ணம். ராட்சத அல்லியிலையின் அடியில் ஓடும் நரம்பமைப்பிலிருந்து அந்தக் கட்டுமானத்துக்கான யோசனை அவருக்குக் கிடைத்தது. அந்த அல்லியைத் தன் கையால் வளர்த்துப் பூக்க வைத்தவர் அவர். எல்லாரும் பாக்ஸ்டன் ஆக முடியாது. ஆனால் இலையைத் திருப்பி அடியில் பார்க்கிற பழக்கம் தோட்டத்தில் கிடந்து வேலை பார்த்ததால் வந்தது, அதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

சரி, பயிற்சி நிலையத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? விளம்பரத் தாளில் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். நேரில் போங்கள். அலுவலகத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கருவிக் கொட்டகையைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மண்வெட்டியில் போன வாரத்து மண் காய்ந்து ஒட்டியிருக்கிறதா? கவாத்துக் கத்தரியின் அலகில் துருவும் பிசினும் இருக்கிறதா? புல்வெட்டியின் கத்தி மழுங்கியிருக்கிறதா? கத்தியைக் கையால் தொட வேண்டாம், அவர்கள் வெட்டிய புல்லின் நுனியைக் குனிந்து பாருங்கள். கூரான கத்தி நேராக வெட்டும். மழுங்கிய கத்தி கிழித்துவிடும், கிழிந்த நுனி ஒரு நாளில் வெளுத்துப் பழுப்பாகும், தள்ளி நின்று பார்த்தால் புல்தரை முழுக்கச் சாம்பல் பூசியது மாதிரி தெரியும். கத்தி தீட்டாத இடத்தில் கத்தி தீட்டக் கற்றுத்தர மாட்டார்கள்.

அடுத்து, நிலையத்து வளாகத்தில் இருக்கும் மரங்களின் பழைய வெட்டுகளைப் பாருங்கள். மூடிக்கொண்டு வரும் வெட்டு, நடுவில் குழியோடு வட்ட வளையமாகத் தெரியும். கட்டை நீட்டிக்கொண்டு காய்ந்து நின்றாலோ, மரத்தின் உச்சியை மொட்டையடித்து விட்டிருந்தாலோ, அங்கே கவாத்து கற்றுக்கொள்ளப் போகாதீர்கள். மரத்தின் அடியையும் பாருங்கள். மூடாக்கு, அதாவது மண்ணை மூடப் பரப்பும் காய்ந்த இலை, மரச்சிராய் போன்றவை, 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்தில் பரவி, தண்டைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்க வேண்டும். தண்டைச் சுற்றிக் கூம்பாகக் குவித்து வைத்திருந்தால் பட்டை எப்போதும் ஈரமாகவே கிடந்து அழுகும். தண்டின் அடியில் பட்டை சுற்றிலும் கீறிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். புல் வெட்டுகிறவர் பிரஷ் கட்டரின் (சுழலும் நைலான் கயிற்றால் புல் சீவும் கை இயந்திரம்) கயிறு தண்டில் படுகிற மாதிரி வேலை பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இளம் மரங்களை இந்தக் கயிறே கொன்றுவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இலை வாடும்போது பூச்சி, நோய் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

நாற்றங்காலில் ஒரு கன்றைத் தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் தொட்டிச் சுவரை ஒட்டி வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால், நடும்போது அதைச் சரி செய்யாவிட்டால், மண்ணிலும் அப்படியே சுற்றி, பருத்து, பல வருடம் கழித்துத் தண்டையே நெரித்துவிடும். இதற்கு என்ன செய்வீர்கள் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். "சுற்றுகிற வேரை நறுக்கிவிட்டு நடுவோம், வேர் விரியத் தொடங்கும் அடித்தண்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி வைப்போம், குழியை வேர்ப்பந்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக எடுப்போம், ஆழத்தைக் கூட்ட மாட்டோம்" என்று அவர் சொன்னால் அங்கே உட்கார்ந்து கேட்கலாம். ஆழக் குழி தோண்டி ஆழமாக நடுவதுதான் நல்லது என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

மூன்று கேள்வி மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வெளியில் வேலை? ஒவ்வொரு மாணவருக்கும் வருடம் முழுக்கத் தன் பொறுப்பில் ஒரு பாத்தியோ ஒரு பகுதியோ உண்டா? இந்தச் சான்றிதழை வேலைக்கு எடுப்பவர்கள் ஏற்கிறார்களா? மூன்றாவதற்கு நிலையம் சொல்லும் பதிலை மட்டும் நம்பாமல், பக்கத்தில் இருக்கும் பூங்கா மேற்பார்வையாளரிடமும் போய்க் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முகம் கொடுத்துப் பேசுவார்கள். இந்த வேலையில் இருப்பவர்களிடம் யாரும் வந்து வேலையைப் பற்றிக் கேட்பதில்லை.

பயிற்சியில் எதை முக்கியமாகப் பிடித்துக்கொள்வது? இரண்டு விஷயம். ஒன்று, செடியின் பெயர். எனக்குப் பயிற்சி தந்தவர் வாரம் 20 செடிகளை வரிசையாகக் கிள்ளி வைத்துப் பெயர் எழுதச் சொல்வார், தாவரவியல் பெயர், குடும்பத்தோடு. அப்போது சுமையாக இருந்தது. பெயர் தெரியாமல் செடியோடு பேச முடியாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. வேம்பு என்கிறோம், மலைவேம்பு என்கிறோம். ஒன்று அசாடிராக்டா, மற்றது மீலியா, வளரும் வேகமும் மரத்தின் குணமும் வேறு. அரளி நீரியம் இனம், மஞ்சள் அரளி காஸ்கபேலா இனம். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் எல்லாப் பாகமும் நஞ்சு, வெட்டிய கிளையைக் கொளுத்தக்கூடக் கூடாது. குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் என்ன நடுவது என்று முடிவு செய்யும்போது "ஏதோ மஞ்சள் பூ" என்று சொல்ல முடியாது. உண்ணிச்செடியும் ஆகாயத் தாமரையும் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுத்தான் பல நாடுகளில் காட்டையும் நீர்நிலையையும் மூடின.

இன்னொன்று மண். பூங்காவில் மரங்கள் நலிவதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம், மண் இறுகிப்போவது. நிழல் இருக்கும் இடத்தில்தான் எல்லாரும் நடப்பார்கள், உட்காருவார்கள், வண்டியையும் அங்கேதான் நிறுத்துவார்கள். மண்ணுக்குள் காற்றும் நீரும் போகும் சின்னச் சின்ன இடைவெளிகள் நசுங்கிவிடும். வேரின் பெரும்பகுதி மேல்மண்ணில் இருப்பதால் பாதிப்பு முழுக்க அதற்குத்தான்.

1987 அக்டோபரில் இங்கிலாந்தின் தென்பகுதியை ஒரு பெரும்புயல் தாக்கியது. கியூ பூங்காவில் மட்டும் ஒரே இரவில் சுமார் 700 மரங்கள் விழுந்தன. அங்கே டர்னர் ஓக் என்ற பழைய மரம் ஒன்று, புயலுக்கு முன்பே நலிந்திருந்தது. காற்று அதை வேரோடு மேலே தூக்கி, அப்படியே பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டது. விழுந்த மரங்களையே முதலில் பார்க்க வேண்டியிருந்ததால் அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் மரம் முன்னைவிடச் செழித்து நின்றது. தூக்கிப் போட்டதில் வேரைச் சுற்றி இறுகிக் கிடந்த மண் உடைந்து, காற்று உள்ளே போயிருந்தது. கியூவின் மரத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட டோனி கிர்காம் இதைக் கவனித்தார். அழுத்த வாயுவைச் செலுத்தி வேர்மண்ணைத் தளர்த்தும் முறையைப் பிறகு அங்கே கையாளத் தொடங்கினார்கள். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவுக்கும் நான் இதைச் சொல்வேன். அந்த மரத்தை மூன்று வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்க அதே ஆட்கள் அங்கே இருந்தார்கள், அதனால்தான் காரணம் பிடிபட்டது.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். 27 ஒரு வயதே இல்லை, 40-ல் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் ஆறு வாரம் இடுப்பும் முன்கையும் வலிக்கும். ஐந்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, அவசரப்படுத்தாதீர்கள். முழங்காலுக்குக் கீழே மெத்தை வைத்துக் களை எடுங்கள், மூட்டையைக் குனிந்து தூக்காமல் உட்கார்ந்து காலால் எழுந்து தூக்குங்கள், ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யாமல் மாற்றிக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். பிரஷ் கட்டரும் மோட்டார் ரம்பமும் காதைக் கெடுக்கும், அதிர்வு விரல் நரம்பைக் கெடுக்கும். இரண்டும் மெதுவாக வரும், வந்தால் போகாது. காதுமூடி, கண்ணாடி, கையுறை இல்லாமல் வேலை செய்யச் சொல்லும் இடம் எவ்வளவு பெரிய பெயர் பெற்றிருந்தாலும் வேண்டாம். மரமேறுவதும் மோட்டார் ரம்பமும் தனிப் பயிற்சி, தனிச் சான்றிதழ். யூடியூப் பார்த்து அதில் இறங்காதீர்கள், இதை மட்டும் உங்கள் அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பெண்ணுக்கு இடம் உண்டா? 1896-ல் கியூவில் முதன்முதலாகப் பெண்கள் தோட்டக்காரர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆண் தோட்டக்காரர்களைப் போலவே உடுத்தித்தான் வர வேண்டும் என்றார்கள். அப்படியே உடுத்தி வந்து வேலை பார்த்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் சில குழுக்களில் பெண் என்றால் பூப்பாத்திக்கு அனுப்புவார்கள், இயந்திரத்தைத் தர மாட்டார்கள். முதல் வாரத்திலேயே "எனக்கும் புல்வெட்டி ஓட்டிப் பழக வேண்டும், பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள். கேட்காதவருக்கு அந்த வருடம் முழுக்கக் களைக்கொத்துதான். சேர்வதற்கு முன் கழிப்பறை வசதி எங்கே, உடை மாற்ற இடம் எங்கே என்றும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, பரந்த பூங்காவில் எட்டு மணி நேரம் இருக்கப் போகிறீர்கள்.

இனி வீட்டுக்கான பதில். மண்வெட்டி பிடிப்பீர்கள் என்பது உண்மைதான், அதை மறைத்துப் பேசாதீர்கள். ஆனால் உங்கள் ஐந்து வருடக் கணக்கு வேலை வீண் என்று அவர்கள் நினைக்கிறார்களே, அது தவறு. 50 சதுர மீட்டர் பாத்திக்கு 8 சென்டிமீட்டர் மூடாக்குப் போட எவ்வளவு வாங்குவது? 4 கன மீட்டர். 1,000 சதுர மீட்டர் புல்தரைக்கு வாரம் 25 மில்லிமீட்டர் நீர் என்றால்? 25,000 லிட்டர். இந்தக் கணக்கு உடனே வராமல் திணறும் பணியாளர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, இனம், சுற்றளவு, கடைசியாகக் கவாத்து செய்த தேதி, பழுது எல்லாம் பதிவு செய்யும் மரப் பதிவேடு இப்போது பல நகரங்களில் கணினியில் இருக்கிறது. பதிவேட்டையும் பட்ஜெட்டையும் கையாளத் தெரிந்து, கவாத்தும் தெரிந்தவர் மேற்பார்வையாளராக அதிக நாள் ஆகாது. அங்கிருந்து மர வல்லுநர், விளையாட்டுத் திடல் புல்தரை, நாற்றங்கால், நீர்ப்பாசன அமைப்பு, தாவரவியல் பூங்கா என்று பல பக்கம் பிரியலாம்.

வேலைக்கு எதிர்காலம் உண்டா என்பதையும் அவர்கள் கேட்பார்கள். நகரங்கள் சூடாகிக்கொண்டே போகின்றன, நிழல் வேண்டும் என்று எல்லா ஊரிலும் மரம் நடுகிறார்கள். நட்டதைக் காப்பாற்றத் தெரிந்த ஆள்தான் குறைவு. வட அமெரிக்க நகரங்களில் தெருத்தெருவாக எல்ம் மரத்தையே நட்டிருந்தார்கள். டச்சு எல்ம் நோய் என்ற பூஞ்சை நோய் வந்தபோது தெரு முழுக்க ஒன்றாகப் போனது. அந்த அனுபவத்துக்குப் பிறகு 1990-ல் ஃபிராங்க் சான்டமூர் என்ற ஆய்வாளர் ஒரு வரம்பு சொன்னார். ஒரு நகரத்தில் ஒரே சிற்றினம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் 20-க்கு மேல் வேண்டாம், ஒரே குடும்பம் 30-க்கு மேல் வேண்டாம். இப்படி யோசித்து மரத்தைத் தேர்ந்தெடுக்க, பெயர் தெரிந்த, மண் தெரிந்த ஆள் வேண்டும்.

சம்பளம் தொடக்கத்தில் இப்போது வாங்குவதைவிடக் குறையும், அதற்குத் தயாராக இருங்கள். அதனால் நாளைக்கே ராஜினாமா செய்ய வேண்டாம். வார விடுமுறைகளில் ஏதாவது ஒரு பொதுப் பூங்காவிலோ தாவரவியல் தோட்டத்திலோ தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேளுங்கள். இரண்டு மாதம், வெயிலிலும் மழையிலும் போங்கள். மழையில் நனைந்து, சேற்றுக் காலோடு வீடு திரும்பிய மாலையிலும் அடுத்த வாரம் போக வேண்டும் என்று தோன்றினால், விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

அதுவரைக்கும் ஒரே ஒரு பொருள் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல கவாத்துக் கத்தரி. அலகுகள் இரண்டும் ஒன்றையொன்று கடந்து போகும் வகையாக இருக்கட்டும். ஒன்றின் மேல் ஒன்று வந்து அமுங்கும் வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடும். வெட்டும்போது கூரான மெல்லிய அலகு, செடியில் தங்கப்போகும் பக்கம் இருக்க வேண்டும், தடித்த கொக்கி அலகு கழிக்கப்போகும் பக்கம். இந்த நாற்பது தொட்டியில் பழகிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். உங்களுக்கு இடதுகைப் பழக்கம் என்றால் இடதுகைக்கென்றே செய்த கத்தரி கிடைக்கும், அதையே கேட்டு வாங்குங்கள்.

தன்னார்வப் பணிக்குப் போகும் இடத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பழைய வெட்டுகளை நாலு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த வெட்டு மூடுகிறது, எது மூடவில்லை, ஏன் என்று முதலில் நீங்கள் எழுதுங்கள். பார்த்துவிட்டு நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா